பிளைவுட் கிட்டாருக்கு மூன்று லட்சமா?

கடைச் சுவரில் இரண்டு கிட்டார்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. இரண்டும் ஒரே செர்ரிச் சிவப்பு. உடலின் வளைவும் ஒன்றே, கம்பிகளுக்கு இருபுறமும் எஃப் எழுத்து வடிவில் வெட்டிய துளைகளும் ஒன்றே. ஒன்றின் தலையில் கிப்ஸன் என்று எழுதியிருக்கிறது, மற்றதில் எபிஃபோன். விலைச்சீட்டைத் திருப்பினால் முதலாவது இரண்டாவதைவிட ஐந்தாறு மடங்கு அதிகம். இத்தனைக்கும் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எபிஃபோனை கிப்ஸன் 1957-லேயே வாங்கிவிட்டது. இன்னொரு சேதியையும் சேர்த்துச் சொன்னால் வாங்க வந்தவர் கடைக்காரரைச் சந்தேகமாகப் பார்ப்பார்: இரண்டுமே பிளைவுட்.

இது கேலி இல்லை. சுவரில் தொங்கும் இரண்டும் இஎஸ்-335 என்ற மாடல். அது 1958-இல் வெளிவந்தபோதே அதன் உடல் ஒட்டுப்பலகைதான். மேப்பிள், நடுவில் பாப்லர், மறுபடி மேப்பிள் என்று மூன்று மெல்லிய தகடுகளைப் பசை தடவி, சூடான அச்சில் அழுத்தி, லேசாகக் குவிந்த வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். நமக்கு மர வாத்தியம் என்றால் முழு மரம்தான் உசத்தி. ஒரே மரத்தில் குடைந்த ஏகாந்த வீணைக்கு ஒட்டு வீணையைவிட விலையும் மதிப்பும் அதிகம். அகூஸ்டிக் கிட்டாரிலும் அதே கணக்கு செல்லும். மேற்பலகை முழு மரமா, ஒட்டா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. இஎஸ்-335 போல உடலில் பாதி மட்டும் வெற்றிடமான செமி ஹாலோ கிட்டார் பக்கம் வந்தால் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. அப்படியானால் மிச்சப் பணம் எதற்காகக் கேட்கிறார்கள்? இதற்குப் பதில் தெரியாமல் வாங்கினால், மலிவானதை எடுத்தாலும் ஏமாறலாம், விலை உயர்ந்ததை எடுத்தாலும் ஏமாறலாம்.

பிளைவுட் எதற்கு வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிட்டாருக்கு மின்சாரம் வந்த புதிதில் அது உள்ளே வெறுமையான பெட்டிதான். கிப்ஸனின் இஎஸ்-150 வெளிவந்தது 1936-இல். இஎஸ் என்பது எலக்ட்ரிக் ஸ்பானிஷ் என்பதன் சுருக்கம். சார்லி கிறிஸ்டியன் என்ற ஜாஸ் இளைஞன் அதை வைத்துக்கொண்டு, அதுவரை பின்னணியில் தாளம் தட்டிக்கொண்டிருந்த கிட்டாரை சாக்ஸபோனுக்குச் சமமாக முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். ஆனால் ஒலியைக் கூட்டக் கூட்ட ஒரு தொல்லை தலைதூக்கியது. ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பிலிருந்து வரும் சத்தம் கிட்டாரின் மேற்பலகையை அதிர வைக்கும், பலகை கம்பியை ஆட்டும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் அதைப் பிடித்துத் திரும்ப ஆம்ப்புக்கு அனுப்பும். கோயில் திருவிழாவில் மைக்செட்காரர் ஒலிவாங்கியை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிவிட்டால் எழுமே, அதே ஊளை. மேற்பலகை எவ்வளவு சுதந்திரமாக அதிர்கிறதோ அந்த அளவுக்கு ஊளையும் சீக்கிரம் வரும். நல்ல அகூஸ்டிக் கிட்டாருக்கு எது பலமோ அதுவே இங்கே பலவீனம். விறைப்பான ஒட்டுப்பலகை இந்த இடத்தில் சிக்கனத்துக்காக மட்டும் வரவில்லை. அது அதிராமல் அடங்கியிருக்கும் என்பதும் காரணம்.

லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் 1940-ஐ ஒட்டி வேறு வழியில் போனார். எபிஃபோன் தொழிற்சாலை ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியிருக்கும். அங்கே உட்கார்ந்து, நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டையில் கம்பியும் பிக்கப்பும் பூட்டினார். ஊளை அறவே இல்லை. வெறும் உத்தரத்துண்டை வாசிக்கிறவரைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது என்பதால், ஒரு பழைய கிட்டாரின் உடலை இரண்டாக அறுத்துக் கட்டையின் இருபுறமும் இறக்கை மாதிரி ஒட்டினார். ‘லாக்’ என்று பெயர் வாங்கிய அந்தப் பொருளை கிப்ஸன் முதலில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1952-இல் அவர் பெயரிலேயே திடமரக் கிட்டாரை விற்கத் தொடங்கியதும் அதே கிப்ஸன்தான்.

பிறகு 1958. கிப்ஸன் தலைவராக இருந்த டெட் மெக்கார்ட்டியின் காலத்தில், மிச்சிகனில் உள்ள கலமசூ நகரத் தொழிற்சாலையில் இந்த இரண்டு யோசனைகளையும் ஒன்றாக்கினார்கள். வெளியே பார்த்தால் எஃப் துளையோடு கூடிய மெல்லிய பெட்டி. உள்ளே, கழுத்திலிருந்து அடிவரை நடு முதுகெலும்பு போல ஒரு மேப்பிள் கட்டை. பிக்கப், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் எல்லாம் அந்தக் கட்டையின் மேல். இருபுற இறக்கைகள் மட்டும் வெற்றிடம். திடமரக் கிட்டாரின் நீண்ட நாதமும் கிடைக்கும், பெட்டிக் கிட்டாரின் காற்றோட்டமான தொனியும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். இதன் அக்கா தங்கைகள்தான் இஎஸ்-345, இஎஸ்-355, எபிஃபோன் ஷெராட்டன் எல்லாம். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் ‘லூசில்’ என்று பெயரிட்டு வாசித்த கிட்டார் இஎஸ்-355 வகையைச் சேர்ந்தது. 1980-இல் அவர் பெயரில் கிப்ஸன் செய்த பதிப்பில் ஊளையை இன்னும் குறைப்பதற்காக எஃப் துளைகளையே மூடிவிட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. தோற்றம் ஒன்றாக இருந்தால் உள்ளேயும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது. பீட்டில்ஸ் நால்வரில் மூவர் வைத்திருந்த எபிஃபோன் கஸினோவில் நடுக்கட்டை கிடையாது; அது முழுவெற்று. கிப்ஸனின் இஎஸ்-330-உம் அப்படித்தான். கடைகளில் இவற்றையும் ‘செமி ஹாலோ’ என்று ஒரே மூட்டையில் கட்டி விற்கிறார்கள். வீட்டில் மெதுவாக வாசிக்க முழுவெற்று அழகாகத்தான் இருக்கும். டிரம்ஸ் பக்கத்தில் ஆம்ப்பைத் திருகும்போது வித்தியாசம் தெரியும். எஃப் துளை வழியாக கைபேசியின் டார்ச்சை அடித்துப் பாருங்கள். நடுவில் சுவர் தெரிந்தால் செமி, எதிர்ப்பக்கத் துளை வரை வெளிச்சம் போனால் முழுவெற்று.

இப்போது பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம்.

மேற்பலகை குவிந்தது, நடுக்கட்டை நேரானது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த இடையில் வளைவுக்கு ஏற்பச் செதுக்கிய ஸ்ப்ரூஸ் துண்டு வைக்க வேண்டும். அது இடைவெளியில்லாமல் உட்கார்ந்தால்தான் பலகையும் கட்டையும் ஒரே உடலாக நடந்துகொள்ளும். பிறகு கழுத்தைக் கோணம் பார்த்து ஒட்ட வேண்டும். உடலின் ஓரமெல்லாம் பைண்டிங் பட்டை ஒட்டி, அதன் மேல் பட்ட சாயத்தைக் கத்தியால் சுரண்ட வேண்டும். கிப்ஸன் பூசுவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மெல்லிய பூச்சாகப் பலமுறை அடித்து, முழுதாகக் காய வாரக்கணக்கில் விட வேண்டும். எபிஃபோனில் பாலியூரித்தேன், சீக்கிரம் காயும், கெட்டியாக நிற்கும். இந்த வேலைகளை ஓர் அமெரிக்கத் தொழிலாளி செய்யும்போது ஒரு கூலி, சீனாவில் செய்யும்போது வேறு கூலி. விலை வித்தியாசத்தின் பெரும்பகுதி இந்தக் கூலியும் பெயரும்தான். மரத்தின் பங்கு சொற்பம்.

நைட்ரோ பூச்சுதான் மரத்தை ‘மூச்சுவிட’ வைக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. மூன்று தகடுகளைப் பசையால் ஒட்டிய பலகை எந்த வழியாக மூச்சுவிடும் என்று நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்; திருப்தியான பதில் வந்ததில்லை. நைட்ரோ அழகாக மூப்படையும் என்பது உண்மை. சென்னை மாதிரிப் புழுக்க ஊரில் வியர்வைக் கை பட்டுப் பட்டுக் கழுத்து பிசுபிசுக்கும் என்பதும் உண்மை.

பலகையில் ஒளிந்திருக்கும் இன்னொரு கதை நம் காடுகளோடு சம்பந்தப்பட்டது. கிட்டார் கழுத்தின் மேல் விரல் வைக்கும் பலகைக்கு உலகமெங்கும் விரும்பப்படும் மரங்களில் ஒன்று இந்திய ரோஸ்வுட். நாம் தோதகத்தி, ஈட்டி என்று சொல்லும் மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அதிகாரிகள் கிப்ஸனின் இடங்களில் புகுந்து சோதனை போட்டபோது சிக்கலுக்கு உள்ளானவற்றில் இந்தியாவிலிருந்து போன பலகைகளும் இருந்தன. அதற்கு முன் 2009-இல் மடகாஸ்கர் கருங்காலிக்காக ஒரு சோதனை நடந்திருந்தது. 2012-இல் 3,00,000 டாலர் அபராதத்தோடு வழக்கு சமரசமானது. பிறகு 2017 ஜனவரியில் ரோஸ்வுட் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்தது. நடுவில் இருந்த அந்தச் சில ஆண்டுகளில், ஒவ்வொரு பெட்டிக்கும் அனுமதிச்சீட்டு எழுத அலுத்துப்போன மலிவுக் கிட்டார் நிறுவனங்கள் வேறு மரத்தைத் தேடின. எபிஃபோன் எடுத்தது ‘இந்தியன் லாரல்’. பெயரைக் கேட்டால் ஏதோ புதுச் சரக்கு போலிருக்கும். நம் ஊர்க் கருமருதுதான் அது. கட்டில், கதவு, நிலை செய்கிற மரம்.

ஆகவே கிப்ஸனில் தோதகத்தி, எபிஃபோனில் கருமருது. நிறத்தில் வித்தியாசம் உண்டு. கருமருது கொஞ்சம் வெளிறி, வறண்டு தெரியும். எண்ணெய் தடவினால் கறுக்கும். ஒலியில் வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க மாட்டேன்.

சரி, எதற்குக் கொடுப்பேன்?

திடமரக் கிட்டார் வாங்குகிறவர்களுக்குக் காலகாலமாக ஒரு யோசனை சொல்லப்படுகிறது. மலிவானதை வாங்கு, கழுத்து நேராக இருந்தால் போதும், பிக்கப்பையும் ஒயரிங்கையும் பிறகு மாற்றிக்கொள். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் போன்ற திடமரக் கிட்டார்களுக்கு இது அருமையான யோசனை. எட்டு, பத்து திருகாணி கழற்றினால் மொத்த மின்குடலும் கையில் வந்துவிடும்; ஞாயிறு மதியம் உட்கார்ந்தால் மாலைக்குள் முடிந்துவிடும். இதே யோசனையை செமி ஹாலோவுக்கும் சொல்லும்போதுதான் தப்பு நடக்கிறது. இதன் முதுகில் கதவே இல்லை. ஒலியைக் கூட்டும் குமிழ்கள், சுவிட்ச், ஜாக் எல்லாமே உள்ளே போனதும் வெளியே வருவதும் எஃப் துளை வழியாகத்தான், அல்லது பிக்கப்பைக் கழற்றிய குழி வழியாக. பாட்டிலுக்குள் கப்பல் கட்டுகிற வேலை.

என்னுடைய பழைய மலிவு செமி ஹாலோவில் கேபிள் செருகும் ஜாக்கின் நட்டு ஒருநாள் தளர்ந்திருந்தது. நான் அதைப் பொருட்படுத்தாமல் கேபிளை அழுத்தினேன். ஜாக் உள்ளே விழுந்தது. திடமரக் கிட்டாராக இருந்தால் இரண்டு நிமிட வேலை. எனக்கு ஒரு முழு மாலை போனது. கடைசியில் மீன்தொட்டிக்குக் காற்று விடும் மெல்லிய குழாயை ஜாக் துளைக்குள் நுழைத்து, எஃப் துளை வழியாக வெளியே எடுத்து, அதன் முனையில் ஜாக்கைச் செருகி, தூண்டில் இழுப்பதுபோல இழுத்துத் துளைக்குக் கொண்டுவந்தேன். அந்தக் குழாய் தந்திரம் என் கண்டுபிடிப்பு இல்லை. இந்தக் கிட்டார்களைப் பழுது பார்க்கிறவர்கள் எல்லாரும் செய்வது. குமிழ் நான்கையும் மாற்ற வேண்டுமென்றால் நான்கு குழாய், அல்லது நான்கு நூல்.

அதோடு முடியவில்லை. மலிவுக் கிட்டார்களில் வரும் சிறிய குமிழ்களின் கழுத்து மெல்லியது. அதற்கேற்ப உடலில் போட்ட துளையும் சிறியது. நல்ல அமெரிக்கக் குமிழ் வாங்கிவந்தால் அந்தத் துளையில் நுழையாது. துளையை அகலப்படுத்தப் போனால் மேல்தகடு பெயர்ந்து வந்துவிடக்கூடும். கைதேர்ந்தவரிடம் கொடுத்தால் செய்துகொடுப்பார். அவருக்கான கூலி, புதுப் பிக்கப் ஜோடி, குமிழ், சுவிட்ச் எல்லாம் கூட்டிப் பார்த்தால் அடுத்த படியில் இருந்த கிட்டாரையே வாங்கியிருக்கலாம்.

அதனால்தான் செமி ஹாலோவில் மலிவுக்கும் விலைக்கும் நடுவே நிற்கிறவர் வேறுவிதமாகக் கணக்குப் போட வேண்டும் என்கிறேன். எதைப் பிறகு மாற்ற முடியாதோ, அல்லது மாற்றினால் உயிர் போகுமோ, அதற்கு முதலிலேயே பணம் கொடுங்கள். எளிதாக மாற்றக்கூடியதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கம்பி இறுக்கும் ட்யூனர் மட்டமாக இருக்கிறதா? போகட்டும், அரை மணியில் மாற்றலாம். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பட்டைக்கும் நட்டு என்றுதான் பெயர்; அது பிளாஸ்டிக்கா? எலும்பு நட்டு ஒன்று செய்துபோடச் சில நூறு ரூபாய்தான் ஆகும். சுருதி நிற்காததற்கு ட்யூனரைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான குற்றவாளி நட்டில் சிக்கிக்கொள்ளும் கம்பிதான். ஆனால் கழுத்தின் கோணம், நடுக்கட்டையின் ஒட்டு, உள்ளே இருக்கும் மின்வேலை, இவை மூன்றும் வாங்கும்போது எப்படியோ அப்படியேதான் கடைசிவரை.

கழுத்தின் கோணத்தைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். பிரிட்ஜ் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். உடலோடு ஒட்டிக் கிடக்கிறது, ஆனாலும் கம்பிகள் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோட்டில், உயரமாகத்தான் இருக்கின்றன என்றால் கழுத்து தப்பாக ஒட்டப்பட்டிருக்கிறது. இன்னும் இறக்க இடமே இல்லை. எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒட்டின கழுத்தைப் பிரித்து மறுபடி ஒட்டும் செலவு மலிவுக் கிட்டாரின் விலையையே தாண்டும். ஸ்குவையர் ஸ்டார்காஸ்டர் போன்றவற்றில் கழுத்து திருகாணியில் பூட்டியது என்பதால் அங்கே இந்தப் பயம் குறைவு. பார்க்கச் சாதாரணமாகத் தெரிந்தாலும் மலிவு விலையில் அது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

மின்வேலைக்குக் கேபிள் செருகிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. நான்கு குமிழையும் முழுதாகத் திருப்புங்கள், கரகரப்பு வருகிறதா? சுவிட்சைப் பத்துத் தடவை தட்டுங்கள். ஒலிக் குமிழைப் பத்திலிருந்து ஏழுக்கு இறக்கினால் ஒலி படிப்படியாக இறங்குகிறதா, ஒரேயடியாகச் செத்துவிடுகிறதா? ஜாக்கில் கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். ஜாக் உடலின் பக்கவாட்டில் இருந்தால் சுற்றியுள்ள பலகையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது கேபிளை மிதித்திருந்தால் மெல்லிய ஒட்டுப்பலகை அங்கேதான் முதலில் உடையும்.

சந்தையில் இருப்பவை பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் ஓரவஞ்சனையானதுதான், சொல்லிவிடுகிறேன்.

எபிஃபோன் 2020-இல் தன் இஎஸ்-335-ஐ மாற்றியமைத்துக் கிட்டத்தட்ட 500 டாலருக்கு விட்டது. அதற்கு முன் பல ஆண்டுகள் ‘டாட்’ என்ற பெயரில் வந்துகொண்டிருந்ததைவிட இது தெளிவாக மேல். முக்கியமான காரணம், உள்ளே சிடிஎஸ் நிறுவனத்தின் முழு அளவுக் குமிழ்களைப் போட்டே அனுப்புகிறார்கள். மேலே புலம்பினேனே, அந்த வேலையில் பாதியைத் தொழிற்சாலையே செய்துவிட்டது. தாளில் பார்த்தால் சிறு மாற்றம். செமி ஹாலோவில் இது பெரிய விஷயம்.

ஐபனெஸ் நிறுவனத்தின் ஆர்ட்கோர் வரிசை 2002-இல் தொடங்கியது. குறைந்த விலையில் வேலைப்பாடு ஒழுங்காக இருப்பதற்கு இதைத்தான் நான் முதலில் கைகாட்டுவேன். ஃப்ரெட் முனைகள் கையைக் கிழிக்காது, கழுத்து நேராக வரும். ஆரம்ப மாடலான ஏஎஸ்73-இல் உடல் லிண்டன் மரம், பிக்கப் சுமார். ஒரு படி மேலே ஏஎஸ்93-இல் அவர்களுடைய சூப்பர் 58 பிக்கப் கிடைக்கும்; அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. ஐபனெஸ் என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஜாஸ் கலைஞர் ஜான் ஸ்கோஃபீல்ட் பல பத்தாண்டுகளாக வாசித்துவருவது 1981-இல் ஜப்பானில் செய்த ஐபனெஸ் ஏஎஸ்-200. அது மலிவு இல்லை, கிப்ஸனும் இல்லை.

கிரெட்ஷ் ஸ்ட்ரீம்லைனர் நடுக்கட்டை மாடல்களில் கட்டை ஸ்ப்ரூஸ் மரம் என்பதால் எடை குறைவு, தொனியிலும் ஒரு பளபளப்பு. 335 தொனியை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம், வேறொரு கிட்டார் என்று நினைத்து வாங்கினால் மகிழ்ச்சி.

இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் உண்மையில் சுவாரசியமான இடம். பெய்ஜிங்கில் செய்யப்படும் ஈஸ்ட்மன், ஜப்பானில் செய்யப்படும் யமஹா எஸ்ஏ2200 இரண்டும் கிப்ஸனுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தாலும் தலைகுனியாத கிட்டார்கள். வயலின் செய்து பழகிய நிறுவனம் என்பதாலோ என்னவோ, ஈஸ்ட்மனின் ஒட்டு வேலையில் ஒரு நிதானம் தெரிகிறது. யமஹாவின் ஃப்ரெட் வேலையைப் பார்த்தால் சில கிப்ஸன்களை நினைத்து வருத்தமாக இருக்கும். சிக்கல் என்னவென்றால் நம் ஊரில் இவற்றைக் கையில் எடுத்து வாசித்துப் பார்ப்பது அபூர்வம், திருப்பி விற்கும்போது கேட்பார் குறைவு.

கிப்ஸனின் உண்மையான பலம் அங்கேதான். 3,000 டாலருக்கு மேல், இந்தியாவில் இறக்குமதி வரியும் ஜிஎஸ்டியும் சேர்ந்தால் மூன்று லட்சத்தைத் தொட்டும் தாண்டியும் போகும் ஒரு கிட்டாரை, ஐந்து வருடம் வாசித்துவிட்டு விற்றாலும் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துவிடலாம். எபிஃபோனை விற்றால் பாதி வந்தால் அதிர்ஷ்டம். பாதி போனாலும் இழப்பு சில பத்தாயிரங்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய கிட்டார்களின் விலை தனி உலகம். எரிக் கிளாப்டனின் 1964-ஆம் ஆண்டு 335 ஏலத்தில் 2004-இல் 8,47,500 டாலருக்குப் போனது. அது கிட்டாரின் விலை இல்லை, கிளாப்டனின் விலை.

ஒலியில் ஐந்து மடங்கு வித்தியாசம் இருக்கிறதா என்றால், இல்லை. இருக்கிறது என்று நினைக்க வைப்பது பெரும்பாலும் ஆம்ப். நல்ல வால்வ் ஆம்ப்பில் செருகிய எபிஃபோன், மட்டமான பழகு ஆம்ப்பில் செருகிய கிப்ஸனை வென்றுவிடும். கையில் அறுபதாயிரம் இருந்து அத்தனையையும் கிட்டாரில் போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் பையன் தூக்கிப்போட்ட ஆம்ப்பில் வாசிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாற்பதைக் கிட்டாருக்கும் இருபதை ஆம்ப்புக்கும் பிரித்திருந்தால் சந்தோஷமாக இருந்திருப்பார்கள். ஒயாசிஸ் ராக் குழுவின் நோயல் காலகர் எபிஃபோன் ரிவியராவையும் ஷெராட்டனையும் தூக்கிக்கொண்டு மேடை ஏறியவர். ப்ளூஸ் கலைஞர் கேரி கிளார்க் ஜூனியர் கஸினோ வாசித்துப் பெயர் வாங்கியவர். அந்த மேடைகளில் யாரும் தலையில் எழுதியிருந்த பெயரைக் கேட்டுக் கைதட்டவில்லை.

ஒலியைவிடக் கையில்தான் விலை தெரியும். நல்ல 335-இல் குமிழை ஐந்துக்கு இறக்கினாலும் ஒலி மங்காமல் தெளிவாக இருக்கும், விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப நெளியும். ஃப்ரெட்களை பிளெக் என்ற கணினி இயந்திரத்தில் சமன் செய்திருப்பதால் கம்பியைத் தாழ்வாக வைத்தாலும் எங்கும் கிரீச்சிடாது. தினமும் மூன்று மணி நேரம் வாசிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் நிஜம். வாரம் ஒருமுறை பெட்டியைத் திறக்கிறவருக்கு, மலிவானதை வாங்கி ஒரு நல்ல ரிப்பேர்காரரிடம் ஃப்ரெட்டும் நட்டும் சரிபார்க்கக் கொடுத்தால் அதில் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு விலையைத் தாண்டி ஒரு நன்மை. ஆம்ப்பில் செருகாமலே இந்தக் கிட்டார் வாசிக்கிறவருக்குக் கேட்கிற அளவுக்குப் பேசும். இரவு பதினொரு மணிக்குச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்காமல் பயிற்சி செய்யலாம். இது நாற்பதாயிரம் ரூபாய்க் கிட்டாருக்கும் மூன்று லட்சத்துக்கும் ஒன்றுபோலவே உண்டு. மெட்டல் வாசிப்பதுதான் நோக்கம் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம். நடுக்கட்டை ஊளையைக் குறைக்கும், ஒழிக்காது.

பழைய கிப்ஸன் ஒன்று மலிவாக வருகிறது என்றால் முதலில் தலையின் பின்புறத்தைப் பாருங்கள். கழுத்து பெரும்பாலும் ஒரே மஹாகனி மரம், தலை பின்னால் சாய்ந்தது; கம்பி இறுக்கும் இடத்துக்குக் கீழே மரத்தின் நார் குறுக்கே ஓடுவதால் பெட்டி கீழே விழுந்தால் அந்த இடத்தில்தான் முறியும். ஒட்டிவிட்டால் வாசிக்க எந்தக் குறையும் இருக்காது, விலை மட்டும் பாதியாகிவிடும். வாசிக்க மட்டுமே வாங்குகிறவருக்கு ஒழுங்காக ஒட்டிய முறிந்த தலை ஒரு வரப்பிரசாதம். மூன்று லட்சத்துக்கு உள்ளே நுழைய முடியாதவர் கிப்ஸனுக்குள் நுழையும் பின்வாசல் அதுதான். புதிதாக வாங்குகிறவர் கெட்டிப் பெட்டியோடு வாங்கட்டும். ரப்பர் வைத்த ஸ்டாண்டில் மட்டும் சாய்த்துவிட வேண்டாம், நைட்ரோ பூச்சை அந்த ரப்பர் உருக்கிவிடும். எபிஃபோனை எந்த ஸ்டாண்டிலும் சாய்க்கலாம். மாதம் ஒருமுறை ஜாக் நட்டை மட்டும் இறுக்கிக்கொண்டால் போதும்.